பசியில்லாத சபை

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்றங்கரையில் வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒன்று சொல்வான், குளித்துவிட்டு வந்தால் வேறொன்று சொல்வான். இரண்டுக்கும் சபை தலையாட்ட வேண்டும்.

அவனுக்கு ஒரே மகன், மூன்று வயது சேந்தன். ஒரே மகன் என்று இப்போதுதான் சொல்ல வேண்டும். அவனுக்கு முன் அல்லி என்று ஒரு பெண் இருந்தாள். காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு ராணி செங்கமலம், மகனின் விலாவைத் தடவிப் பார்க்காமல் கண்மூடியதில்லை. எலும்பு கையில் தட்டுப்படும். சோறு வாயருகே போனால் சேந்தன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அரச குழந்தைக்கு மருந்து கொண்டுவருகிறவர் முதலில் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காட்ட வேண்டும். விஷமில்லை என்பதற்கு அத்தாட்சி. அதன்பின் தாய் அதை மறுக்கக் கூடாது. மறுத்தால் கொண்டுவந்தவருக்கு அவமானம். ஆகவே விடிந்ததும் ஆரம்பித்துவிடும். பசியில்லாதது பெரிய வியாதி என்று சொல்லித் தலைமை வைத்தியர் அகோரம் வல்லாரை லேகியத்தோடு வருவார். படைத்தலைவர் சுக்குக் கஷாயம். புரோகிதர் வீட்டிலிருந்து வேப்பங்கொழுந்து உருண்டை. யாரோ ஒருவர் நெல்லிக்காய்ப் பாகு.

"கொஞ்சம்தானே அம்மா. பிள்ளை பிழைக்க வேண்டாமா?" என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு எந்தத் தாயால் பதில் சொல்ல முடியும்? மூக்கைப் பிடித்துப் புகட்டுவாள். புகட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் அழுவாள்.

ஒருநாள் அகோரம் சபையில் எழுந்தார். "அரசே, மருந்தில் குறையில்லை. கொடுக்கும் கையில்தான் குறை. ராணியம்மா அழுதுகொண்டே ஊட்டினால் உடம்பில் எப்படி ஒட்டும்? பிள்ளையை என் வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு வருஷம் தாய் முகம் பார்க்காமல் இருந்தால் தேறிவிடுவான்."

"நல்ல யோசனை. தைப்பூசத்தன்று அனுப்பிவிடலாம்" என்றான் ராஜா, வெற்றிலையை மடித்தபடி.

ராணி மந்திரி அம்பலவாணரை வரவழைத்தாள். அவர் பேச்சுக்கு ராஜா சிரிப்பான் என்பதாலேயே அகோரத்துக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"மந்திரியாரே, மூத்தவளைக் காய்ச்சல் கொண்டுபோனது. இவனைப் பல்லக்கு கொண்டுபோகப் போகிறது. எனக்கு இனி ஒன்றும் இல்லை."

"குழந்தை ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறான் தாயே?"

அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், "சோறு எப்போது?" என்றார்.

"இதெல்லாம் முடிந்த பிறகு."

மறுநாள் அம்பலவாணர் சபையில் கைகூப்பினார். "அரசே, நம் வழக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இவர்கள் தனித்தனியாக நாக்கில் வைக்கிறார்கள். இளவரசர் வயிற்றில் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. சேர்ந்தால் என்ன ஆகும் என்று யார் சோதித்தது? குழந்தைக்கு ஒரு கரண்டி என்றால் இவர்கள் உடம்புக்கு ஒரு குவளை. எல்லோரும் எல்லாவற்றையும் ஒருநாள் சாப்பிட்டுக் காட்டட்டும்."

"என் மருந்தையா சந்தேகப்படுகிறீர்?" என்றார் அகோரம்.

"சேச்சே. உம்முடையதில் என்ன சந்தேகம்? படைத்தலைவருடையதில்தான்."

படைத்தலைவர் மீசையைத் தடவி முறைத்தார். ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "நாளைக்கே நடக்கட்டும்" என்றான்.

"தாங்களும் உட்கார வேண்டும் அரசே."

"நான் எதற்கு?"

"தினமும் சாயங்காலம் நெய்யில் வதக்கிய பேரீச்சம்பழம் ஊட்டுவது தாங்கள்தானே?"

சொன்ன வார்த்தையைக் குளிப்பதற்கு முன்பே மாற்றினால் சபை சிரிக்கும். ராஜா உட்கார்ந்தான்.

விடிந்ததும் லேகியம் வந்தது. அதன் மேல் கஷாயம். அதன் மேல் வேப்பங்கொழுந்து, பாகு, பேரீச்சை. புரோகிதர் ஏப்பம் விட்டு மன்னிப்புக் கேட்டார். உச்சி நேரத்தில் எல்லோருக்கும் இலை போட்டார்கள். நெய்ச்சோறு, வாழைப்பூ வடை, அகோரம் உயிரை விடும் பருப்புப் பாயசம்.

அகோரம் இலையைத் தள்ளினார். "எடுத்துப் போகச் சொல்லும். பசியில்லை."

"பசியில்லையா?" அம்பலவாணர் பதறினார். "அது பெரிய வியாதி என்று சொன்னவரே நீர்தானே. யாரங்கே, வைத்தியருக்கு இன்னொரு குவளை லேகியம் கொண்டுவாருங்கள். மூக்கைப் பிடித்தாவது புகட்டுங்கள். அவர் பிழைக்க வேண்டாமா?"

குவளை வாயருகே வந்தது. அகோரம் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேந்தன் திருப்பிக்கொள்வது போலவே.

ராஜா அதைப் பார்த்தான். தன் இலையையும் பார்த்தான். ஒரு பருக்கை குறையவில்லை.

"வல்லாரை நல்லது அரசே. சுக்கு நல்லது, நெல்லிக்காய் மிக நல்லது" என்றார் அம்பலவாணர். "வேண்டும்போது, வேண்டியதை மட்டும் கொடுத்தால். வயிறு காலியானால் அதுவே சோறு கேட்கும். நாம்தான் காலியாக விடவே இல்லை."

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்தான். அகோரத்திடம், "பிள்ளை தாயிடமே இருப்பான். இனி கூப்பிட்டால் மட்டும் வாரும். உம் மருந்தை முழுக்குவளை குடித்துவிட்டு வாரும்" என்றான். வாயைத் திறக்கவே வைத்தியருக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை யாரும் வரவில்லை. சேந்தன் முற்றத்து மணலில் விளையாடினான். வெயில் ஏறியதும் ஓடிவந்து தாயின் முந்தானையைப் பிடித்தான்.

"அம்மா, பசிக்குது."

புழுங்கலரிசிக் கஞ்சியில் மோரும் உப்பும் போட்டுக் கொடுத்தாள். குடித்தான். கிண்ணத்தை மறுபடி நீட்டினான்.

"பார்த்தாயா? இனி என்ன பயம்? சிரியேன்" என்றான் ராஜா.

ராணி சிரிக்கவில்லை. "அல்லியும் பசியில்லை என்றுதான் சொன்னாள்" என்றாள். "காய்ச்சல் விட்டிருந்த அன்றைக்கு, கஞ்சி மட்டும் போதும் அம்மா என்று கேட்டாள். நான் மூக்கைப் பிடித்துக் கஷாயம் கொடுத்தேன்."

ராஜா கீழே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சேந்தன் கிண்ணத்தை ஆட்டினான். அவள் ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு அவள் மடியிலேயே அவன் தூங்கிப்போனான்.

மெதுவாக அவன் விலாவைத் தடவிப் பார்த்தாள். எலும்பு இன்னும் தட்டுப்பட்டது.