ஆற்றில் அலசிய பரிவட்டம்

முதலில் ஹாரன் சத்தம் கேட்டது. அப்புறம் குடத்தோடு குடம் மோதும் சத்தம். தண்ணீர் லாரி மேடேறி மடத்து வாசலுக்கு வந்தபோது கீழத்தெருப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

வெளிநாட்டுக்குப் போகிற துணிக்குச் சாயம் போடும் சென்னியப்பன் முதலாளியின் கம்பெனி அனுப்புகிற லாரி அது. ஆறு கெட்டு, ஆற்றை ஒட்டிய கிணறுகளும் கெட்ட பிறகு கீழத்தெருவுக்கு வேறு தண்ணீர் கிடையாது. ஆற்றைக் கெடுத்ததும் அதே கம்பெனியின் கழிவுதான். எல்லாருக்கும் தெரியும். லாரியின் மேல் கம்பெனி அறக்கட்டளையின் பெயர் எழுதியிருந்தது.

அன்று மடத்தில் குருபூஜை. அந்த வருஷத்து முதல் மரியாதை முதலாளிக்கு என்று ஊர் பேசி முடித்திருந்தது. அவர் தலையில் பரிவட்டம் கட்ட வேண்டியவர் நாச்சிமுத்து. கீழத்தெருக்காரர், அறுபது தாண்டியவர். பெண்டாட்டி செத்த பிறகு மடத்துத் தலைவி பூரணியம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தவர். அம்மா அவரைவிட வயதில் இளையவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து எதிரில் வந்து நின்றார். நின்றவர் போகவில்லை.

கொஞ்ச நாளாகத் தூக்கம் வருவதில்லை என்றார். முதலாளி பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு போட்டதைச் சொன்னார். கண் முகாம் வைத்ததை, தன் தங்கச்சி மகள் பிரசவத்துக்குக் கார் அனுப்பியதை எல்லாம் சொன்னார். அதே தங்கச்சி வீட்டுத் தென்னை நின்றபடியே பட்டுப்போனதையும் சொன்னார். கடைசியில்தான் கேட்டார்.

"அவரு செய்யற நல்லது, செஞ்ச கெடுதலுக்குச் சரியாப் போயிருமுங்களா?"

பரிவட்டத்தை அலசியாயிற்றா என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

மடத்து முறை அது. துணியை ஆற்றில் அலசிப் பிழிந்து, ஈரத்தோடு கட்ட வேண்டும். ஆறு கெட்டதிலிருந்து லாரித் தண்ணீரில் அலசுவது பழக்கமாகிவிட்டது. யாரும் சொல்லி மாற்றவில்லை. தானாக மாறியது. இந்தத் தடவையும் அப்படித்தான் அலசி வைத்திருப்பதாக நாச்சிமுத்து சொன்னார்.

"முறைப்படி பண்ணுங்கண்ணா."

"ஆத்துலயா?"

"ஆத்துலதான்."

முதலாளிக்கு மனசு கோணிவிட்டால் லாரி நின்றுபோகும், தெருவே தொண்டை வறண்டு கிடக்கும் என்றார் அவர். அம்மா அடுத்த காயை எடுத்தார். நாச்சிமுத்து துணியோடு ஆற்றுக்கு இறங்கினார்.

வெள்ளையாகப் போன துணி கரும்பச்சையாக வந்தது.

"இந்த வருசம் வெளிநாட்டுல எல்லாம் பச்சைச் சட்டைதானாட்ட இருக்குது" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

முதலாளி வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கிழவிகளிடம் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

நாச்சிமுத்து துணியைத் தூக்கினார். அந்த வாடை முதலாளிக்குப் பழக்கமானது. நிமிர்ந்துவிட்டார்.

"எங்க அலசினதுங்க இது?"

"ஆத்துலங்க. முறை அதானுங்க."

முதலாளி ஓரடி பின்னால் போனார்.

"தலையில பட்டாப் புண்ணாயிருமுங்க அம்மா." குரல் தாழ்ந்திருந்தது. "வேற துணி இல்லீங்களா?"

அம்மா எழுந்து வந்திருந்தார்.

"துணி வேற இருக்குதுங்க. ஆறு வேற இல்லீங்க."

மேளக்காரர் குச்சியைக் கீழே இறக்கினார். முதலாளி யாரையும் பார்க்காமல் சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே வெளியே நடந்தார். அவர் காருக்குப் பின்னாலேயே லாரியும் மேடிறங்கியது. பாதிக் குடங்கள் நிறையவில்லை.

நாச்சிமுத்துவின் முழங்கை வரைக்கும் பச்சை வழிந்திருந்தது.

"நாளைக்கு லாரி வரலைன்னா?"

"குடத்தை எடுத்துக்கிட்டுக் கம்பெனி வாசலுக்குப் போவோமுங்கண்ணா. முன்னால நான் வர்றேன்."

"போயி, தண்ணி கேக்கறதுங்களா?"

"ஆத்தைக் கேப்போம்."

அம்மா அடுக்களை வாசலுக்குத் திரும்பிப் போய், முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அவரைக்காய் இன்னும் பாதி இருந்தது.