வெள்ளைக்கண்ணுவின் வெறும் பானை

தீங்கு செய்தவன் பெயரை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் பெயர் வெள்ளைக்கண்ணு. பனிமாயன் எல்லாம் அப்புறம்தான்.

மலைகள் இப்போதைவிட உயரமாக இருந்த காலம் அது. கருங்குன்ற நாட்டில் சடையாண்டி என்றொருவன் காளவாயில் சுண்ணாம்பு சுட்டுப் பிழைத்தான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பூவாயி என்று ஒரே தங்கை. அவளைக் கட்டியவன்தான் இந்த வெள்ளைக்கண்ணு.

இரண்டு பேரும் சந்தித்தால் தெருவே வேடிக்கை பார்க்கும்.

"என்ன மச்சான், உடம்புக்கு வெள்ளையடிச்சிக்கிட்டு வர்றீங்க?"

"உன் வீட்டுச் சுவருக்கும் மிச்சம் வச்சிருக்கேன் மாப்பிள்ளை. சுவர் நிக்குதான்னு பார்த்துச் சொல்லு."

சொல்லும்போதே இருவர் வாயும் காதுவரை விரியும். அதனால் எந்தச் சொல்லும் குத்தாது.

ஒரு மார்கழியில் மலையிலிருந்து பனிமாயன் இறங்கி வந்தான். "இந்தப் பனியில் விஷம் இருக்கிறது ராஜா. நான் நெய்த சாம்பல் துணியால் எல்லோரும் கண்ணுக்குக் கீழே மூடிக்கொள்ளட்டும்" என்றான். ராஜா பயந்து தண்டோரா போட்டார். ஜனங்கள் கட்டிக்கொண்டார்கள். கட்டிய துணி அப்புறம் அவிழவில்லை. சாப்பிட மட்டும் கொஞ்சம் தூக்கும், உடனே விழுந்து மூடிக்கொள்ளும்.

பச்சைக்குழந்தையைத் தாய் கொஞ்சினாள். சிரிக்கும் வாயைக் காணாமல் குழந்தை வீரிட்டு அழுதது. கடைக்காரன் கிண்டல் செய்தான். வாங்க வந்தவன் சட்டையைப் பிடித்தான். "உம்ம தலையை வாங்கிவிடுவேன்" என்று ராஜா விளையாட்டாகச் சொன்னார். மந்திரி நாட்டைவிட்டே ஓடிப்போனார். வாய் தெரியவில்லை, மனமும் தெரியவில்லை.

பூவாயியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? சடையாண்டி தோடும் பட்டுப்பாவாடையும் பழமும் தட்டில் வைத்து எடுத்துப் போனான். வாசலில் வெள்ளைக்கண்ணு நின்றான்.

"மடி கொடுக்க வந்தீங்களா மச்சான், இல்ல, சோத்துக்கு வந்தீங்களா?"

சடையாண்டி அவன் கண்களைப் பார்த்தான். கண்கள் வெறும் கண்களாக இருந்தன. சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். சிரிக்கிறார்களா, சங்கடப்படுகிறார்களா? வாய் தெரியவில்லை, மனமும் தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு சொல் சொல்லியிருப்பான். அன்று தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான்.

"அண்ணே!" என்று பூவாயி ஓடிவந்தாள். அந்தக் குரலிலும் பாதியைத் துணி தின்றுவிட்டது. வேறு யார் மடியிலும் மகளுக்குக் காது குத்த மாட்டேன் என்று அவள் சாதித்துவிட்டாள். அதோடு இரு வீட்டுப் போக்குவரத்தும் நின்றது.

சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. "சிரித்துக்கொண்டு சொன்னானா, சிரிக்காமல் சொன்னானா?" என்று காளவாயைக் கேட்டான். கல்லைக் கேட்டான். கடைசியில் கழுதையைக் கேட்டான்.

"மலைக்குப் போய்ப் பாரு. மறைஞ்ச சிரிப்பெல்லாம் அங்கேதான் போகுது" என்றது கழுதை.

"அட, நீ பேசுவியா?"

"உங்க ஆளுங்க வாயை மூடினாத்தானே நான் பேச!"

சுட்ட சுண்ணாம்புக் கூடையோடு கழுதையை ஓட்டிக்கொண்டு மலையேறினான். குகைக்குள் யாருடையது, என்றைக்குரியது என்று எழுதிய பானைகள் வரிசையாக இருந்தன. நடுவில் பனிமாயன். அவனுக்கு முகமே இல்லை, வெறும் ஈரப்புகை. ஊரார் சிரிப்பை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சடையாண்டி ஒரு பானையைத் திறந்தான். அந்தத் தாயின் சிரிப்பு. குகை விடிந்ததுபோல் ஆயிற்று. இன்னொன்றைத் திறந்தான். ராஜாவின் சிரிப்பு. மூன்றாவது, காதுகுத்தன்று வெள்ளைக்கண்ணு முகத்தில் இருந்ததற்கு உரிய பானை. திறந்து உள்ளே துழாவினான். சில்லென்றிருந்தது. அடிவரை துழாவினான். ஒன்றுமில்லை.

"அவன் சிரிக்கவில்லை" என்றான் மாயன். "ஆனால் நீ நல்லவன். தாயின் சிரிப்பில் பாதியை இதில் ஊற்றுகிறேன். சிரித்தான் என்று நம்பிக்கொண்டு போய்த் தங்கை வீட்டில் சாப்பிடு. என் பானைகளை மட்டும் மறந்துவிடு."

சடையாண்டிக்கு நம்பத்தான் ஆசையாக இருந்தது.

"அந்தத் தாயின் குழந்தை?"

"அழும். குழந்தை என்றால் அழாதா?"

சடையாண்டி கூடையைத் தூக்கி மாயன்மேல் கவிழ்த்தான். சுட்ட சுண்ணாம்புக்கு ஈரம் என்றால் தீராத தாகம் அல்லவா? உஸ்ஸென்று கொதித்துக்கொண்டு மாயனைக் கடைசித் துளிவரை குடித்தது. அந்தச் சூட்டில் பானைகள் வெடித்தன. சிரிப்புகள் பறவைக்கூட்டம்போல ஊரைப் பார்த்துப் பறந்தன. வெறும் பானை மட்டும் வெடிக்கவில்லை.

நாடெங்கும் துணிகள் அவிழ்ந்து விழுந்தன. குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது. மந்திரி திரும்பி வந்தார். "என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்டார். "என் மடியில் என் மருமகளுக்குக் காது குத்த வேண்டும்" என்றான் சடையாண்டி. ராஜாவே கூட வந்தார். அந்தப் பிள்ளை மாமன் மடியில் அழுதுகொண்டே சிரித்தது.

பந்தியில் வெள்ளைக்கண்ணு இலை போட்டான். வாய் காதுவரை விரிந்திருந்தது.

"அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னதுதானே மச்சான்! துணிக்குள்ளே சிரிச்சிக்கிட்டுத்தான் நின்னேன்."

பூவாயி அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"சோத்தைப் போடு மாப்பிள்ளை" என்றான் சடையாண்டி. தங்கைக்காகச் சாப்பிட்டான்.

குகையிலிருந்து கொண்டுவந்த அந்த வெறும் பானை காளவாய் ஓரத்தில் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளைக்கண்ணு வருவான், கேட்பான்.

"இதிலே என்ன மச்சான் வச்சிருக்கீங்க?"

"நீ வச்சதுதான் மாப்பிள்ளை. எடுக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை."

வெள்ளைக்கண்ணு சிரிப்பான். கேட்க வேண்டிய மன்னிப்பை இன்னும் கேட்கவில்லை.