பத்து வீட்டுக்கு ஒரு ஆவுடை

தலையாட்டிபுரத்து ஆட்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல? கொட்டாவி விடுவதென்றால்கூட பக்கத்து ஆளைக் கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள். அந்த ஊரிலேயே பெரிய மண்டை மாசானத்துக்கு. உள்ளே என்ன இருந்தது என்று யாரும் தட்டிப் பார்த்ததில்லை. ரைஸ்மில்லில் காவலுக்கு வைத்து, "ராத்திரி திருடன் வந்தா சத்தம் போடு" என்றார்கள். திருடன் பட்டப்பகலில் வந்தான். மாசானம் வாயைத் திறக்கவில்லை. மூட்டை தூக்க ஒரு கைகூடக் கொடுத்தான் என்று கேள்வி.

இப்படி ஒவ்வொரு வேலையாகப் போய், கடைசியில் அவன் பெண்டாட்டி செண்பகம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இப்போ கிடைச்சிருக்கிற வேலையும் போச்சுன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். பொறவு நீங்களே பொங்கித் தின்னுக்கிடுங்க."

கிடைத்திருந்தது கணக்கெடுப்பு வேலை. ஆடு மாடு வைத்திருக்கிற வீடுகளுக்குப் போய், அதுகளிடமிருந்து மனுஷருக்கு நோய் தொற்றாமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கால்நடை டாக்டரம்மா மாசானத்தையும், அவன் கூட்டாளிகள் குத்தாலத்தையும் ஊய்க்காட்டானையும் உட்காரவைத்து நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனுஷி. பாவம், ஊருக்குப் புதுசு.

"எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். பத்து வீட்டுக்கு ஒரு வீடு போதும். அந்த வீடுதான் பத்து வீட்டுக்கும் பிரதிநிதி. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான் பத்து வீட்டுக்கும் பதில். இதை ஒழுங்கா முடிச்சா அடுத்த வேலையும் உங்களுக்கே தரேன்."

மூன்று தலைகளும் ஆடின.

ஊரில் ஆடு மாடு உள்ள வீடு மொத்தமே பத்துதான். எந்த வீட்டைப் பிடிப்பது என்று மூவரும் வேப்பமரத்தடியில் கூடி யோசித்தார்கள்.

"ஆள் இருக்கிற வீடா பாக்கணும்" என்றான் குத்தாலம்.

"கதவும் வேணும்ல. கதவு இல்லாட்டி எதைத் தட்டுதது?" என்றான் ஊய்க்காட்டான்.

ஆளும் கதவும் சேர்ந்து கிடைத்தது ஆவுடைத்தங்கத்தின் வீட்டில். ஒற்றைப் பசுவை வைத்துக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவள். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு எங்காவது போய்த் தொலைந்திருக்கலாம்.

"யக்கா, மாட்டைத் தொட்டா கை கழுவுவியளா?" என்று மாசானம் ஆரம்பித்தான்.

"சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஏன், நீ கழுவ மாட்டியோ?"

"நான் பிரதிநிதி இல்லையேக்கா. சரி, எத்தனை தடவை கழுவுவிய?"

"ஒரு தடவைதான். என்ன கேள்வி இது?"

மாசானம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு தடவை கழுவினால் ஒரு வீட்டுக்குத்தானே ஆகும்? மிச்ச வீடெல்லாம் அழுக்குக் கையோடு நின்றால் நோய் வரும், நோய் வந்தால் வேலை போகும், வேலை போனால் செண்பகமும் போவாள். அவன் சோப்பை எடுத்து ஆவுடை கையில் திணித்தான். "இன்னும் ஒன்பது வீடு பாக்கி இருக்குக்கா. கழுவுங்க."

இதுகளை எப்படியாவது வெளியே அனுப்பினால் போதும் என்று அவளும் கழுவினாள். விரலெல்லாம் ஊறிச் சுருங்கிவிட்டது.

விஷயம் தெரு முழுக்கப் பரவியது. மற்ற வீட்டுக்காரர்களுக்கு ஒரே குஷி. "அதான் ஆவுடை கழுவுதாளே, நமக்கு எதுக்குத் தண்ணிச் செலவு?" என்று சாணி அள்ளின கையோடு சோறு பிசைந்தார்கள். ஆவுடை பாலைக் காய்ச்சித்தான் குடிப்பாள் என்று தெரிந்ததும் பச்சைப் பாலை மடக்கு மடக்கென்று குடித்தார்கள். குத்தாலத்தின் மாமனுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. மாசானம் பதறிக்கொண்டு ஓடினான், ஆவுடை வீட்டுக்கு. அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். குளுகுளுவென்று இருந்தது.

"ஊர்ல யாருக்கும் காய்ச்சல் இல்ல" என்று நிம்மதியாக எழுதிக்கொண்டான். மாமன் அங்கே நாலு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார்.

அடுத்த கேள்வி நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்பது.

"எங்க வீட்டுல நாயே கிடையாது" என்றாள் ஆவுடை.

"அப்போ ஊர்லயே நாய் கிடையாது" என்று எழுதினான் மாசானம். எழுதவிடாமல் காலை நக்கிய நாயை ஊய்க்காட்டான் துரத்திவிட்டான். மறுநாள் நாய்களுக்கு ஊசி போட வந்த ஜீப்பையும், "நாய் இல்லாத ஊருக்கு எதுக்கு வந்திய?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வாரமே ஒரு வெறிநாய் வந்து மாசானத்தின் கெண்டைக்காலைக் கவ்வியது.

ரத்தம் கொட்டக் கொட்ட மூவரும் யோசித்தார்கள். "நாய் இல்லாத ஊர்ல நாய் எப்படிலே கடிக்கும்?" என்றான் குத்தாலம். "அதைப் பொறவு பேசுவோம். கடிச்ச இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ. வாங்கலே" என்று மாசானம் நொண்டிக்கொண்டு முன்னால் போனான். ஆவுடையைக் குழாயடிக்கு இழுத்து வந்து, அவள் கெண்டைக்காலைச் சோப்புப் போட்டு நுரைக்க நுரைக்கக் கழுவினார்கள். அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"கடி எங்கே?" என்று ஆவுடையிடம் கேட்டார் நர்ஸம்மா.

"கடி எனக்கு. ஊசி அவியளுக்கு" என்றான் மாசானம்.

"உனக்குப் போட வேண்டிய ஊசியை அவங்களுக்கு எதுக்குப்பா போடணும்?"

"எனக்குப் போட்டா நான் ஒருத்தன்தான் பிழைப்பேன். அவியளுக்குப் போட்டா பத்து வீடும் பிழைக்கும்."

நர்ஸம்மா ரெண்டு வார்டுபாய்களைக் கூப்பிட்டு மாசானத்தை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, புண்ணை நன்றாகக் கழுவி, அவனுக்கே ஊசியைப் போட்டார். நல்ல ஊசியை ஒரு வீட்டோடு வீணாக்கிவிட்டார்களே என்று மாசானம் வழியெல்லாம் அழுதான்.

கணக்கு டாக்டரம்மாவிடம் போனது. ஊரில் காய்ச்சல் இல்லை, நாய் இல்லை, நாய்க்கடியும் இல்லை என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அவர் மாசானத்தின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"அது என்ன?"

"நாய் கடிச்சிட்டு டாக்டரம்மா."

"இதுல நாய்க்கடியே இல்லைன்னு எழுதியிருக்கியே?"

இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மாசானத்துக்குப் பரிதாபமாக இருந்தது. "எனக்குத்தான கடிச்சது டாக்டரம்மா. ஊருக்குக் கடிக்கலையே."

டாக்டரம்மா மூன்று பேரையும் இனி இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் செண்பகம் சேலையை எல்லாம் பையில் அடைத்து, அவன் கண்ணெதிரிலேயே படியிறங்கி, பஸ்ஸேறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாசானம் கட்டுப் போட்ட காலோடு விழுந்தடித்து ஆவுடை வீட்டுக்கு ஓடி எட்டிப் பார்த்தான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நீங்க எங்கயும் போகலையே?"

"நான் எங்க போகப் போறேன்? இங்கதான் கிடக்கேன்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்து, கை கால் கழுவாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "செண்பகம், சோத்தைப் போடு" என்றான்.