எல்லாரும் ஒரே பதில் சொன்ன கேள்வி

ஒரு ஊர் ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் ஏன் எடை குறைந்து பிறக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு படிவம் அச்சடித்தார்கள். அதில் குடியிருந்த கேள்விகளுக்கு வாயும் உண்டு, மனசும் உண்டு. ஏழாவதாக இருந்தவள் பெயர் சாப்பாடு. "மாசமா இருந்தப்ப நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதுதான் அவள் வேலை.

நர்ஸ் ரெஜினா அந்தப் படிவத்தோடு, பிள்ளை பெற்ற நூற்றிருபது பேர் வீட்டுக்கும் போய்வந்தாள். பிறகு கேள்விகளெல்லாம், பதில்களை அலசிப் பார்க்கும் கணக்கண்ணன் முன்னால் வந்து நின்றார்கள். எது காரணம் என்று டாக்டர்களுக்குச் சொல்லப்போகிறவர் அவர்தான். அவரிடம் இருந்ததோ நாலே நாற்காலி.

"நூத்தியிருபது பேர் சொன்னதை வச்சுக்கிட்டு உங்க அத்தனை பேரையும் உக்கார வச்சா, ஆளுக்கொரு கதை சொல்வீங்க. எனக்குத் தலை சுத்தும்," என்றார்.

அம்மாவின் எடை முதல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அடுத்து வயசு, அதற்கடுத்து ரத்தம். எத்தனையாவது பிள்ளை என்று கேட்பவளும் ஓடி வந்தாள். "நீயும் வயசும் எங்க போனாலும் கைகோத்துக்கிட்டுத்தான் போறீங்க. ஒருத்தி போதும்," என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரே ஒரு நாற்காலி மிச்சம். சாப்பாட்டுக்குப் பயமே இல்லை.

"என்கிட்ட ஒரு கட்டம்கூட காலியில்லைண்ணே. எல்லாரும் பதில் சொல்லியிருக்காங்க."

"சொல்லியிருக்காங்கம்மா. எல்லாரும் 'சாப்பிட்டேன்'னே சொல்லியிருக்காங்க. குண்டுப் பிள்ளை பெத்தவளும் அதான் சொல்றா, நோஞ்சான் பிள்ளை பெத்தவளும் அதான் சொல்றா. உன்னை வச்சு நான் யாரை யார்கிட்டேயிருந்து பிரிக்கறது?"

எடை சிரித்தாள். "நீ கேள்வியே இல்லடி. வாசல்ல நின்னு விசாரிக்கிற மரியாதை!"

சாப்பாட்டுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த நூற்றிருபது பேரில் ஒருத்தியான செல்லக்கிளியை நினைத்துக்கொண்டாள். அவள் பிள்ளை ஒரு கிலோ தொள்ளாயிரம். 'இவ உடம்பு வாகு அப்படி' என்று வீட்டில் பேச்சு. 'சாப்பிட்டேன்' என்று சொல்லும்போதே செல்லக்கிளி முந்தானையை இழுத்துக் கழுத்தெலும்பை மூடிக்கொண்டாள்.

"நான் இல்லேன்னா நீங்களும் அதையேதான் சொல்வீங்கண்ணே. அம்மா இளைச்சவ, அதான் பிள்ளையும் இளைச்சுதுன்னு. பழி அவ உடம்பு மேலயே நின்னுடும்."

"எனக்கும் தெரியுதும்மா. ஆனா தெரியுதுன்னு நான் எழுத முடியாதே. அந்த மரியாதை முகத்தைக் கழட்டி வச்சுட்டு, வேற மாதிரி கேட்டுப் பாரு."

சாப்பாடு ரெஜினாவின் பேனாவுக்குக் கீழே போய்ப் படுத்தாள். பழைய வார்த்தைகளை அடிக்கும்போது வலித்தது. அடக்கமாக இருந்தவள், அடுத்தவர் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கிறவளாக எழுந்தாள். அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ரெஜினா மறுபடி செல்லக்கிளி வீட்டுக்குப் போனாள்.

"மாசமா இருந்தப்ப உங்க வீட்டுல கடைசியா சாப்பிட்டது யாரு?"

"இதென்னக்கா கேள்வி! நான்தான். பக்கத்து வீட்டுக்காரியா வந்து சாப்பிடுவா?"

"அப்ப சட்டியில என்ன மிச்சம் இருக்கும்?"

செல்லக்கிளியின் சிரிப்பு நின்றது. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். வாசலை ஒருதரம் பார்த்தாள்.

"குழம்பு இருக்கும்க்கா. சோறு... சில நாள் இருக்கும்."

"வாரத்துல எத்தனை நாள்?"

"ரெண்டு நாள்." உடனே பதறினாள். "அத்தையைக் குத்தமா எழுதிடாதீங்கக்கா. அவங்களும் அப்படியே சாப்பிட்டு வந்தவங்கதான். அவங்களை யாரும் கேக்கக்கூட இல்ல."

சாப்பாடு அந்தச் சின்னக் கட்டத்துக்குள் தன்னால் முடிந்தமட்டும் அகலமாக உட்கார்ந்து, அந்தப் பதிலை மடியில் வாங்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை வீட்டுக்கு வீடு பதில் வேறாக இருந்தது. ஒருத்திக்கு ரசம் மட்டும். ஒருத்திக்கு அடியில் பிடித்த சோறு. ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே, "எனக்கு அவரு முதல்லயே எடுத்து வச்சிடுவாரு," என்றாள். கணக்கண்ணன் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சாப்பாடு உட்கார்ந்ததும் எடையின் நாற்காலி பாதியாகச் சுருங்கிவிட்டது.

"ஏய், என்னடி பண்ணினே!" என்று கத்தினாள் எடை. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் இறங்கியது. "இத்தனை நாளா அம்மாக்களோட பட்டினியையும் சேர்த்து என் பேர்லயே சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்."

"நீ சொன்னதும் பொய்யில்லக்கா. இப்படி ஒட்டி உக்காரு," என்று இடம் விட்டாள் சாப்பாடு.

அடுத்த மாசம் அந்த ஊரில் மாசமாக இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு புது அட்டை வந்தது. முதல் வரியில் சாப்பாடு இருந்தாள். மாமியார் காதிலும் புருஷன் காதிலும் விழுகிற மாதிரி ரெஜினா அதை உரக்க வாசித்தாள். அங்கே சாப்பாட்டுக்குக் கேள்விக்குறி இல்லை.

"மாசமா இருக்கிறவங்க முதல் பந்தியில உக்காரணும்."