நொண்டிய மணி

ஓடிப் பழகினவர்களே, கொஞ்சம் உட்காருங்கள், இது உங்களுக்கான கதை. ராஜா ஓலை எழுத, அதை ஆள் ஓடிக் கொண்டுபோன காலத்தில் நடந்தது.

மருதங்காட்டு ராஜாவிடம் செங்கோடன் என்று ஓர் ஓட்டக்காரன் இருந்தான். கையில் மணி கட்டின கோல். அவன் ஓடினால் சல் சல் சல் என்று ஒரே சீராகக் கேட்கும். ஆளுக்குப் பெருமை தாங்காது!

ஒருநாள் வரப்பில் கால் பிசகி, கணுக்கால் பணியாரமாக வீங்கிவிட்டது. பௌர்ணமிக்கு இருபத்தொரு நாள்தான் இருந்தது. பௌர்ணமியன்று உச்சிப்பொழுதில் அணையின் மதகைத் திறந்து ஆற்றில் தண்ணீர் விடுவார்கள். வறண்ட ஆற்றுக்குள் வெள்ளரி போட்டுக் குடிசையில் கிடக்கிற சனங்களை, அதற்குள் ஓலை கொண்டுபோய்க் கரையேற்ற வேண்டும். "என் கோலை இன்னொருத்தன் தொடுவதா?" என்று பொருமின செங்கோடன், நாளுக்குள் தானே கொண்டுபோவதாகச் சொல்லி ஓலையை வாங்கி வைத்துக்கொண்டான்.

ஊரில் சுளுக்கு எடுப்பவள் நாச்சி. இரட்டைப் பிள்ளை பெற்றவள், கைராசிக்காரி, கண் மட்டும் தெரியாது. புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டுத் துணியால் கட்டினாள்.

"காலை உயர்த்தி வச்சுப் படு, தம்பி. தேறினதும் கோலோட நடந்து காட்டு. காதால பார்க்கிறேன்."

காதால் பார்ப்பதா! அதென்ன வித்தை?

ஏழாம் நாள் வந்தான். "வலியே இல்லை, அக்கா." நடந்தான். சல்... சல்சல். சல்... சல்சல்.

"மணி நொண்டுதே. போய்ப் படு."

பதினாலாம் நாள் வந்தான். "துளிகூட வலி இல்லை." சல்... சல்சல்.

"இன்னும் நொண்டுது. ஒத்தைக் காலில் நின்னு பழகு, அப்புறம் ஓடலாம்."

இருபதாம் நாள் வந்தான் கள்ளன். கால் எப்படி விழுந்தாலும் கோலைக் கையாலேயே சீராக ஆட்டினான். சல் சல் சல். நாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தேறிட்டே ராசா, போய்ட்டு வா!"

மறுநாள் ஓலையோடு ஓடினான். பாதி வழியில், பாறைச் சரிவில், அதே கால் மடங்கியது. எழுந்தான், விழுந்தான். எழுந்தான், விழுந்தான். வெயிலோ ஏறிக்கொண்டே இருந்தது. தூரத்தில் ஆற்றுமணலில் அடுப்புப் புகை தெரிந்தது.

"ஐயோ, என்ன காரியம் செய்தேன்!" என்று அழுதான். அழுதபடியே கோலை ஆட்டினான். இம்முறை சீராக ஆட்டக் கை வரவில்லை. சல்... சல்சல்.

மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த வீரணன் காதைத் தீட்டினான். ஓட்டக்காரன் மணி இப்படி நொண்டாதே! பார்க்க வந்தவன் கையில், ஓலையையும் கோலையும் செங்கோடனே கொடுத்தான். வீரணன் பறந்தான். கடைசிப் பிள்ளையைக் கரையில் தூக்கிவிட்டதும், தண்ணீர் வந்து குடிசைகளை வாரிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் வீரணன் அவனை முதுகில் சுமந்துவந்து நாச்சி வாசலில் இறக்கினான்.

"வலிக்குது, அக்கா," என்றான் செங்கோடன். "அன்னைக்கும் வலிச்சுது."

"இந்த ஒரு சொல்லுக்கா இத்தனை நாள்?" என்று நாச்சி புளியைக் கரைக்கப் போனாள்.

கேட்டீர்களா? வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறவன், தான் விழும்போது தன்னை நம்பினவர்களையும் சேர்த்தே தள்ளிவிடுகிறான்.