மூன்று பத்தியமும் ஒரு பிடி கீரையும்

முன்னொரு காலத்தில் கொழுமங்கலம் என்ற நாட்டைப் பருதிமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதே அதிகம். மூக்குமுட்டச் சாப்பிட்டான், பிறகு இளைக்க வழி தேடினான், அவ்வளவுதான்.

வழி சொல்ல மூன்று பண்டிதர்கள் வந்து ஒட்டிக்கொண்டார்கள். கறிப் பண்டிதர், "கறியும் நெய்யும் எவ்வளவும் தின்னலாம், சோறும் பழமும்தான் விஷம்" என்றார். சைவப் பண்டிதர் பால், நெய்கூட ஆகாது என்றார். பச்சைப் பண்டிதரோ அடுப்பையே இடிக்கச் சொன்னார். ராஜா வாரம் ஒருவர் பேச்சைக் கேட்டான். அந்த வாரம் ஊரும் அதையே தின்ன வேண்டுமாம்! ஜனங்கள் பாதி வயிற்றோடு கிடந்தார்கள்.

மந்திரி செங்கணாருக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் கூத்தை நிறுத்துங்கள், மகாராஜா" என்றார்.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த வல்லபராயர் துள்ளி எழுந்தார். "பண்டிதர்களைப் பழிக்கிறாரா? மூவரும் சாப்பிடும்படி ஒரே பண்டத்தை இவர் பரிமாறட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்! விருந்து விளக்கு வைத்த பிறகு."

ராஜா தலையாட்டினான். மூன்று பத்தியத்துக்கும் ஒத்து வருவது கீரைதான் என்று வல்லபராயருக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் அந்த நாட்டில் எவரும் கீரையைத் தொடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

விளக்கு வைத்தார்கள். செங்கணார் மூன்று இலையிலும் ஆய்ந்து கழுவிய பருப்புக்கீரையை வேகவைக்காமல் அப்படியே வைத்தார்.

"ராத்திரியில் கீரையா! சிவசிவா!" மூவரும் இலையைத் தள்ளினார்கள். வல்லபராயர் மீசையை முறுக்கினார்.

செங்கணார் ராஜாவிடம், "கீரை எவருடைய பத்தியத்துக்குச் சொந்தமோ, அவரே ராஜகுரு என்று வைத்துக்கொள்ளலாமா? தன் உணவையே தொடாதவர் சொந்தம் கொண்டாட முடியாதே!" என்றார்.

"சரிதான்" என்றான் ராஜா.

"கறிக்குத் துணையே கீரைதான்!" என்று கறிப் பண்டிதர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்.

"கீரை சுத்த சைவமய்யா!" என்று சைவப் பண்டிதர் இரண்டு பிடி அமுக்கினார்.

"அடுப்பு காணாத கீரை என்னுடையது!" பச்சைப் பண்டிதர் இலையையே தூக்கிக் கவிழ்த்துக்கொண்டார். மூவரும் ஆடு மாதிரி மென்றார்கள்.

ராஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது. "பதவி என்றதும் ராத்திரியில் கீரை தின்கிறவர்கள் பேச்சையா கேட்டேன்? ஓடுங்கள்!" என்று மூவரையும் விரட்டினான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

வல்லபராயர் மெல்ல நழுவப் பார்த்தார்.

"நில்லும் ஓய்! பண்டிதர்கள்மேல் உமக்குத்தான் எத்தனை மரியாதை! மூன்று பத்தியத்தையும் சேர்த்தே பிடியும். எவர் எதை விலக்கினாரோ, அது உமக்கும் ஆகாது" என்றான் ராஜா.

வல்லபராயர் யோசித்துப் பார்த்தார். கறி போயிற்று, சோறு போயிற்று, பழமும் பாலும் நெய்யும் போயின. மிஞ்சியது வேகாத கீரை.

"எத்தனை நாளைக்கு, மகாராஜா?"

"மந்திரியார் போதும் என்று சொல்லும்வரை."

எல்லாரும் செங்கணாரைப் பார்த்தார்கள். அவர் வாயே திறக்கவில்லை.