முதுகு தீட்டாத பொம்மை

சல்… சல்… சல்.

தகரக் கதவுக்கு வெளியிலேயே செங்கமலத்துக்குச் சத்தம் கேட்டுவிட்டது. மாவு சலிக்கிற சத்தம். ஆனால் அந்தக் கொட்டகையில் மாவு ஏது? டீக்கடையில் வீசுகிற டீத்தூள் சக்கையை வாங்கிவந்து, வெயிலில் காயப்போட்டு, மாஸ்டர் சலித்துக்கொண்டிருப்பார். சல்லடையில் தங்குவது சரளை. கீழே இறங்குவது ஆற்றங்கரை மண். மேசை மேல் எழும்பும் பொம்மை ஊருக்கு மண் அதுதான்.

அவள் டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே போனாள்.

"என்னக்கா, இட்லியா?"

"எங்கம்மா," என்றாள் செங்கமலம்.

மாஸ்டர் சல்லடையைக் கீழே வைத்தார்.

செபஸ்தியான் மாஸ்டர் அவளைவிட வயதில் சின்னவர். அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு, அஸ்திவாரம் தோண்டும் முன்பே அட்டையில் கட்டடத்தை எழுப்பிக் கொடுப்பார். டிசம்பர் பிறந்தால் மாதா கோயில்களுக்குக் குடில் போடுவார். செங்கமலம் கொலுப் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவள். அவள் கண் திறந்த பொம்மையை எந்தக் கடையில் பார்த்தாலும் சொல்லிவிடலாம். நாம் நகர்ந்தால் அதுவும் நம்மோடு நகர்ந்து பார்க்கும். அந்தக் கர்வத்தோடுதான் அவள் முதல்நாள் இங்கே வந்து நின்றாள்.

"பொம்மை செய்யத் தெரியும் மாஸ்டர். ஒரு நாளைச் செய்யத் தெரியலை. சொல்லிக் குடுங்க."

"எந்த நாளை?"

சொன்னாள்.

மணலோடையில் பாலம் உடைந்த நாள். ஆற்று நடுவில் சாய்ந்து நின்ற பஸ். உள்ளே ஆள்கள். கரையில் ஊரே நின்றது. கையில் கயிறு இல்லாமல் நின்றது. அப்போது அவள் அம்மா காத்தாயி தன் சேலையை அவிழ்த்து ஒரு முனையைப் பனைமரத்தில் கட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களின் முந்தானைகளும் வேட்டிகளும் துண்டுகளும் வந்து சேர்ந்தன. முடிச்சுப் போட்டு நீட்டிய அந்தக் கயிற்றின் மறுமுனையோடு காத்தாயி தண்ணீரில் இறங்கினாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கரையேறினார்கள்.

தண்ணீர் வடிந்ததும் வேட்டிகளை ஊர் மறந்துவிட்டது. சேலையை மறக்கவில்லை. சாகிற வரைக்கும் அவளுக்குப் பெயர் 'சேலை அவுத்த காத்தாயி'.

இப்போது மணலோடையில் புது நூலகம் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் காட்சி இருக்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் வரதராசு தீர்மானம் போட்டுவிட்டார். "நம்ம ஊரு பெருமைம்மா அது. முகம் நல்லாத் தெரியணும்," என்றார். வரதராசு அன்றைக்குக் கரையில் நின்ற இளவட்டம். பிறகு டீக்கடையில் சிரித்தவர்களில் ஒருவர். செங்கமலம் ஒப்புக்கொண்டாள். அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இந்தச் சுண்டுவிரல் உயரப் பொம்மைதான் இனி உலகத்தில் அவளுக்கு முகம்.

டிபன் பாக்ஸைத் திறந்து பஞ்சை விலக்கினாள். விடியலில் குளித்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கண் திறந்த பொம்மை. அரக்குச் சிவப்பில் சேலை, நெற்றியில் பொட்டு, உதட்டில் சிரிப்பு. செங்கல் நீளத்துக்கு இருந்த பஸ்ஸுக்கு முன்னால், முழங்கால் அளவு தண்ணீரில் அம்மாவை நிறுத்தினாள். கரையில் மற்ற பொம்மைகள் ஏற்கெனவே நின்றன.

மாஸ்டர் மேசையைச் சுற்றி வந்தார்.

"அக்கா, இவங்கள்லாம் யாரைப் பார்க்கிறாங்க?"

"நம்மளை."

"பஸ் முங்குது. இவங்க போட்டோவுக்கு நிக்கிறாங்களா?"

"பொம்மைன்னா பார்க்கிறவங்களைப் பார்க்கணும் மாஸ்டர். முதுகு காட்டுற பொம்மையை யாரு வாங்குவா?"

"இதை யாரும் வாங்கப் போறதில்லையே."

அவர் இடுக்கியால் கரையில் நின்றவர்களை ஒவ்வொருவராக ஆற்றுப் பக்கம் திருப்பினார். அவள் பொறுத்துக்கொண்டாள். இடுக்கி அம்மாவிடம் வந்தது.

"கயிறு எதுலே ஆரம்பிக்குது?"

"அம்மா சேலையிலே."

"அப்ப இவங்க உடுத்தியிருக்கிறது?"

செங்கமலம் பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பொம்மையை மெல்லத் திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. வண்ணம் ஒரு சொட்டு இல்லை. பொம்மை செய்கிற அவள் தெருவில் எந்தப் பொம்மைக்கும் பின்பக்கம் தீட்டுகிற வழக்கமில்லை. கொலுப் படியில் ஏற்றினால் அதைச் சுவர்தானே பார்க்கப்போகிறது.

"முதுகில்லாமலே ஆத்துலே இறங்கிட்டாங்க," என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"இந்த முதுகைத்தான் மாஸ்டர் ஊரு பார்த்துச்சு. பார்த்துட்டுத்தான் சிரிச்சுச்சு. திரும்பவும் காட்டச் சொல்றீங்களா? கண்ணாடிப் பெட்டியிலே போட்டு, லைட்டும் போட்டு?"

அவர் ஒரு சிட்டிகை டீத்தூளை எடுத்துக் கரையில் தூவினார்.

"நீங்க எங்க நின்னீங்க அக்கா?"

"கரையிலே. பனைமரத்தடியிலே. முடிச்சு நழுவுதான்னு பாருன்னு சொல்லிட்டுப் போச்சு."

"அம்மா முகத்தைப் பார்த்தீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அன்றைக்கு அவள் பார்த்தது முதுகை மட்டும்தான்.

"அப்ப இது எந்த முகம்?"

"அடுப்படியிலே பார்த்தது," என்றாள் கடைசியில்.

"நல்ல முகம்," என்றார் மாஸ்டர். சல்லடையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்.

செங்கமலம் பொம்மையைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். கோபம் தணிய ஒரு பொழுது ஆயிற்று. பிறகு பிளேடை எடுத்தாள். தான் உடுத்திவிட்ட சேலையைத் தானே சுரண்டினாள். அரக்குச் சிவப்புத் தூள் மடியில் உதிர்ந்தது.

பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, தூரிகையை நுனி பிரித்து, ஒற்றை மயிரில் ஆரம்பித்தாள்.

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் பாவாடை மைதா மாவுச் சாக்கில் தைத்தது. எத்தனை துவைத்தும் போகாத பச்சை எழுத்து, இடது பக்கம் சரிந்து கிடக்கும். ரவிக்கை அக்குளில் வேறு துணியில் ஒட்டு. கொண்டை அவிழ்ந்து நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கயிற்றை இழுத்த இழுப்பில் வலது தோள் ஏறியிருந்தது. களிமண் ஒரு பருக்கை வைத்து அதையும் ஏற்றினாள். ஊர் சிரித்த எழுத்தை ஒன்றுவிடாமல் எழுதினாள். எத்தனையோ சாமிக்குக் கண் திறந்த கை, இத்தனை திமிராக ஒருநாளும் ஓடியதில்லை.

முடித்ததும் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உதட்டில் அடுப்படிச் சிரிப்பு அப்படியே இருந்தது. பஸ்ஸில் இருந்த கண்டக்டர் பொங்கலுக்குப் பொங்கல் வெற்றிலை பாக்கோடு வந்து சொல்வது நினைவுக்கு வந்தது. "உங்கம்மா எங்களைத் திட்டிக்கிட்டே வந்துச்சு தாயி. புடிங்கடா எருமைகளா, ஏன்டா முழிக்கிறீங்கன்னு. அந்தத் திட்டுலேதான் எங்களுக்கு உசுரு வந்துச்சு."

சிரிப்பை அழித்தாள். வாயைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் மாஸ்டர் பொம்மையை உள்ளங்கையில் வைத்துப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முன்பக்கம். பொம்மையை அவளிடமே நீட்டினார்.

அவள் அம்மாவைத் தண்ணீரில் இறக்கினாள். முதுகு நமக்கு, முகம் பஸ்ஸுக்கு. பனைமரத்திலிருந்து முடிச்சு முடிச்சாக வந்த கயிற்றைக் கையில் கொடுத்தாள். அதில் முதல் முழம் அரக்குச் சிவப்பு. இறுக்கிப் பிடித்ததும் கரை, ஆறு, பஸ் எல்லாம் ஒரே இழுப்பில் விறைத்தன. தண்ணீர் இரைச்சல் கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"நாள் வந்துடுச்சு," என்றார் மாஸ்டர்.

"வந்துடுச்சு. ஆனா முகம்? அது யாருக்குத் தெரியும் மாஸ்டர்?"

அவர் எழுந்தார். காட்சிக்குப் பின்னால் மழை வானம் தீட்டிய பலகை நின்றது. அதன் பின்பக்கம் போய், டிரில்லை வைத்து, பஸ்ஸுக்கு நேரே ஒரு ஓட்டை போட்டார். மரத்தூளை ஊதினார்.

"வாங்க."

செங்கமலம் குனிந்து கண்ணை வைத்தாள். முதலில் பஸ்ஸின் இருட்டு. சீட்டுகளின் முதுகு. பஸ்ஸின் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, மழைக்குள்ளே, வாயைத் திறந்து திட்டிக்கொண்டே அம்மா அவளை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

வெகுநேரம் அவள் நிமிரவில்லை. மாஸ்டர் டீ வாங்கிவரப் போனார்.

நூலகத் திறப்புக்கு முந்தின நாள் தலைவர் வரதராசு கொட்டகைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் தங்க நிறப் பேனா. காட்சிக்கு முன்னால் நின்றவுடன் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! அந்தப் பனைமரம்! அந்த பஸ்ஸு!" விரல் நீண்டு, தண்ணீரில் நின்ற முதுகிடம் வந்து, நின்றது. சாக்கு எழுத்தை அவர் வாசித்தது தெரிந்தது. விரலை மடக்கிக்கொண்டார்.

"ஏம்மா, உன்னைப் பெத்தவளாச்சே. இப்படியா வைக்கிறது? மந்திரி வேற வர்றார். ஒரு சேலையை வரைஞ்சு விட்டுடேன்."

"சேலை அங்கேதான் தலைவரே இருக்கு," என்றாள் செங்கமலம். "கயித்துலே பாருங்க. முதல் முழம்."

அவர் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"முகத்தையாவது காட்டியிருக்கலாம்ல? முகம் நல்லாத் தெரியணும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"தெரியும்," என்றார் மாஸ்டர். "இப்படிப் பின்னாலே வாங்க. பெட்டியையும் சுத்தி வர்ற மாதிரி நடுவுலே வைக்கச் சொல்லியிருக்கேன்."

தலைவர் பலகைக்குப் பின்னால் போனார். ஓட்டை அவர் இடுப்புக்கு நேரே இருந்தது. அதைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்ன மாஸ்டர் இது! பெரிய மனுசங்க வந்து பார்க்கிற இடம். கொஞ்சம் உசரமாப் போட்டிருக்கக் கூடாதா?"

"உசரமாப் போட்டா வானம்தான் தலைவரே தெரியும்," என்றார் மாஸ்டர். "அவங்களைப் பார்க்கணும்னா குனியணும்."

வரதராசு முழங்காலில் ஒரு கையை ஊன்றினார். மெல்லக் குனிந்தார். பையிலிருந்து பேனா நழுவித் தரையில் உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை. நிமிரவும் இல்லை.

செங்கமலம் மூலைக்குப் போனாள். கரையில் இன்னும் ஒரு முழத்துக்கு மண் தூவ வேண்டியிருந்தது. காய்ந்த டீத்தூளை இரண்டு கை அள்ளிச் சல்லடையில் போட்டாள்.

சல்… சல்… சல்.